வீட்டில் தேர்வு என்றால் வீட்டுக்கும் ஒத்திகை வேணும்



தேர்வு என்று சொன்னதுமே நமக்கு ஞாபகம் வர்றது பள்ளி மண்டபம்தான். வரிசையாக மேசைகள், சுவரில் பெரிய கடிகாரம், அங்கும் இங்கும் நடக்கும் கண்காணிப்பாளர். அந்த மண்டபம் நமக்காக எத்தனை வேலை செய்யுதுன்னு நாம யோசிச்சதே இல்லை. அமைதியைக் கொடுக்கிறது. நேரத்தைச் சொல்கிறது. விடைத்தாளைச் சேகரித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கரண்ட் போனாலும் காகிதம் அணைந்து போவதில்லை.

அதே தேர்வு வீட்டுக்கு வந்துவிட்டால், இத்தனை வேலையும் எழுதுகிற பிள்ளையின் தலையில்தான் விழும். பாடம் படித்தது போதாது. வீடும் ஹேண்ட்போனும் லைனும் சேர்ந்துதான் தேர்வு எழுதுகின்றன. பாடத்துக்கு மட்டும் தயாரான மாணவன், பாடத்துக்கே சம்பந்தமில்லாத காரணத்தால் மதிப்பெண் இழக்கலாம். அதைத் தடுக்கும் வழியைத்தான் இந்த மாதப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

"எஸ்.பி.எம். மண்டபத்தில்தானே நடக்குது, எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்கலாம். எஸ்.பி.எம். மண்டபத்தில்தான். ஆனால் பள்ளி மூடப்படும் காலத்தில் வகுப்புச் சோதனைகள் வீட்டுக்கு வரும். எஸ்.பி.எம். முடித்த பிறகு உபகாரச் சம்பளத்துக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் இயங்கலையில் சோதனை வைக்கிறார்கள். டோஃபல், டுவோலிங்கோ போன்ற ஆங்கிலத் தேர்வுகளை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆக, இன்றைக்கு ஐந்தாம் படிவத்தில் இருப்பவர் நாளைக்கு ஒருநாள் இதைச் சந்திக்கத்தான் போகிறார்.

1. நம் நாடு கண்ட பாடம்

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. நாங்கள் அப்போது ஐந்தாம் படிவம். அந்த வருடம் யு.பி.எஸ்.ஆர்., பி.டி.3 இரண்டும் ரத்து. எங்கள் எஸ்.பி.எம். தள்ளித் தள்ளிப் போய், 2021 பிப்ரவரி 22-ஆம் தேதிதான் தொடங்கியது. இடைப்பட்ட மாதங்களில் வகுப்பு கூகள் மீட்டில், சோதனை கூகள் ஃபார்மில், விடைத்தாள் வாட்ஸ்அப்பில் என்று ஓடியது.

கல்வி அமைச்சு அந்த ஆண்டு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியுமே இல்லை என்று அதில் தெரியவந்தது. கருவி இருந்த பலருக்கும் அது ஒரு ஹேண்ட்போன்தான். அதையும் அண்ணன், தங்கை, அப்பா என்று பங்கு போட வேண்டியிருந்தது.

அதே 2020 ஜூனில் சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக அடிப்படைக் கல்வி மாணவி, லைன் கிடைப்பதற்காக மரத்தின் மேல் 24 மணி நேரம் தங்கிய காணொளியை நாடே பார்த்தது. பாடம் தெரிந்த பிள்ளைக்கே மரம் ஏற வேண்டிய நிலை. நம்ம புக்கிட் தெங்காவில் லைனுக்கு மரம் ஏறத் தேவையில்லை. ஆனால் நம் வீடுகளிலும் வேறு வகை மரங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

2. வெளிநாடு கண்ட பாடம்

உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் பெரிய அளவில் வீட்டிலிருந்தே தேர்வு எழுதிய உதாரணம் வேண்டுமென்றால், அமெரிக்காவின் ஏ.பி. தேர்வைப் பார்க்கலாம். பள்ளியில் படிக்கும்போதே பல்கலைக்கழகத் தரத்தில் எழுதும் தேர்வு அது. வழக்கமாக மூன்று மணி நேரம் வரை போகும். 2020 மே மாதம், பெரும்பாலான பாடங்களுக்கு அதை 45 நிமிடமாகச் சுருக்கி வீட்டுக்கே அனுப்பினார்கள். புத்தகம் பார்த்து எழுதலாம். கையால் எழுதியவர்கள் அதைப் படம் பிடித்துப் பதிவேற்ற வேண்டும். பதிவேற்றக் கொடுத்த நேரம் 5 நிமிடம்.

என்ன நடந்தது தெரியுமா? சில மாணவர்கள் விடையை முழுசா எழுதிவிட்டார்கள், படமும் எடுத்துவிட்டார்கள். ஆனால் படம் ஏறவில்லை. காரணம், புதிய ஐபோன்கள் படத்தை 'ஹெச்.இ.ஐ.சி.' என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. தேர்வுத் தளம் 'ஜேபெக்' போன்ற வடிவங்களை மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, நேரம் முடிந்தது. விடை சரியா தப்பா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது. அவர்கள் ஜூன் மாதம் மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. இரண்டாவது வாரத்திலிருந்து, பதிவேற்றம் தடைபட்டால் மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று ஒரு மாற்று வழியைத் திறந்தார்கள்.

அதே கல்லூரி வாரியம் எஸ்.ஏ.டி. தேர்வையும் வீட்டில் நடத்தத் திட்டமிட்டு, 2020 ஜூனில் கைவிட்டது. ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று மணி நேரம் தடையில்லாத இணைய இணைப்பு தேவைப்படும், அதை எல்லாருக்கும் உறுதிப்படுத்த முடியாது என்பதுதான் காரணம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு விஷயம் புரியும். வீட்டுத் தேர்வில் மாணவன் கவிழ்வது பெரும்பாலும் கடினமான கேள்வியில் இல்லை, சின்னச் சின்ன விஷயத்தில். அந்தச் சின்ன விஷயம் எல்லாமே முன்கூட்டியே சரிபார்க்கக் கூடியது.

3. வீட்டைத் தயார்படுத்துவது

நம் வட்டாரத்து வீடுகளை நமக்குத் தெரியும். பிறை, ஜூரு, புக்கிட் தெங்கா தொழிற்பேட்டைகளில் அப்பாவோ அம்மாவோ ஷிஃப்ட்டு வேலை. ராத்திரி வேலை முடிந்து வந்த அப்பா காலையில் ஹாலில் தூங்குவார். பகல் வேலை என்றால், வீட்டிலிருக்கும் ஒரே நல்ல ஹேண்ட்போன் அவரோடு போய்விடும். தம்பிக்கு கார்ட்டூன், பாட்டிக்கு சீரியல். நான் சொன்ன மரம் இதுதான். இது யாருடைய தப்பும் இல்லை. ஆனால் திட்டம் போடாவிட்டால் தேர்வு அன்றைக்கு இது அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து நான்கு விஷயம் பேசுங்கள்.

எந்த நாள், எத்தனை மணி. வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

எந்தக் கருவி. அப்பாவின் ஹேண்ட்போன்தான் என்றால், அன்றைக்கு அவர் எதைக் கொண்டுபோவார் என்று முன்பே பேசி வைக்க வேண்டும். "காலையில கேட்டுக்கலாம்" என்று விடாதீர்கள்.

எந்த இடம். அறையே வேண்டும் என்றில்லை. முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் ஒரு மூலை போதும். பின்னால் ஆள் நடமாட்டம் இருக்காது, கேமரா வைத்தாலும் பிரச்சினை வராது.

யார் எதைப் பார்த்துக்கொள்வார். தம்பியை யார் வெளியே அழைத்துப் போவது, கதவு தட்டினால் யார் திறப்பது என்று பிரித்துக் கொடுங்கள். கேமராவில் கண்காணிக்கும் தேர்வு என்றால் அம்மாவிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் பாசத்தோடு மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைப்பார். கண்காணிப்பாளருக்கு அது 'அறைக்குள் இரண்டாவது ஆள்'.

வீட்டில் இடமே இல்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். சித்தி வீடு, நண்பன் வீடு, கோயில் மண்டபத்தின் பக்கத்து அறை, நம் கிளை கூடும் இடம் என்று எத்தனையோ இருக்கிறது. ஹேண்ட்போன் இரவல் கேட்பதும் அப்படித்தான். படிப்புக்காகக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

4. கருவியும் லைனும்: கொஞ்சம் கணக்கு

பொறியியல் படிக்கிறவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு போட விடுங்கள்.

நாம் வாங்கும் இணையத் திட்டத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் பதிவிறக்க வேகம். தேர்வில் நமக்கு முக்கியம் பதிவேற்ற வேகம். ஹாட்ஸ்பாட்டில் அது ரொம்பக் குறைவாக இருக்கலாம். நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஹேண்ட்போனில் எடுத்த ஒரு பக்கப் படம் 4 மெகாபைட் என்றால் அது 32 மெகாபிட். பத்துப் பக்கம் 320 மெகாபிட். ஏறுவதற்கு 320 நொடி, அதாவது 5 நிமிடம் 20 நொடி. 5 நிமிடம்தான் கொடுத்தார்கள் என்றால் கதை முடிந்தது!

அதே பத்துப் பக்கத்தை ஸ்கேன் செய்யும் ஆப் மூலம் ஒரே பி.டி.எஃப். கோப்பாக மாற்றினால், பக்கத்துக்கு அரை மெகாபைட்டுக்குள் அடக்கிவிடலாம். மொத்தம் 5 மெகாபைட், 40 மெகாபிட், 40 நொடி. எழுத்தும் தெளிவாகவே இருக்கும். விடை அதேதான், அனுப்பும் முறை மட்டும்தான் மாறியது.

இன்னொரு கணக்கு. கண்காணிப்புக்காக கேமராவை ஓட விடுகிறார்கள் என்றால், அதே 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட் டேட்டா போகும். இரண்டு மணி நேரத் தேர்வுக்கு 900. முந்தின நாளே டேட்டா மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். டாப் அப் செய்ய வேண்டுமென்றால் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

இனி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியவை:

• ஐபோன் என்றால் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு எடுக்கும் படம் ஜேபெக் வடிவத்தில் இருக்கும்.

• வைஃபை வீட்டில் இருந்தால், ஹேண்ட்போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யலாம். மாமா கூப்பிட்டாலும் சாதாரண ஃபோன் அழைப்பு பெரும்பாலும் குறுக்கே வராது. வாட்ஸ்அப் அழைப்பு வைஃபையில் வரும் என்பதால் 'தொந்தரவு வேண்டாம்' அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

• டேட்டாவை நம்பித்தான் எழுதுகிறீர்கள் என்றால், வேறு நிறுவனத்தின் சிம் கார்டு உள்ள இன்னொரு ஹேண்ட்போன் பக்கத்து அறையில் தயாராக இருக்கட்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் இருந்து பயனில்லை. ஒன்று படுத்தால் இரண்டும் படுக்கும்.

• மடிக்கணினி என்றால், அப்டேட் ஏதும் காத்திருக்கிறதா என்று முந்தின இரவே பார்த்து முடித்துவிடுங்கள். தேர்வு நடுவில் அது தானாக அணைந்து எழக்கூடாது.

• கடவுச்சொல்! டெலிமா கணக்கோ கூகள் கணக்கோ, அன்றைக்குக் காலையில் 'பாஸ்வேர்ட் என்ன?' என்று தேடக்கூடாது. கோப்பைப் பதிவேற்றச் சொல்லும் கூகள் ஃபார்மில் கணக்கு இல்லாமல் நுழையவே முடியாது.

• மழை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் வாக்கிலும் நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடி மின்னல் அதிகம். மின்னலில் ட்ரிப் ஆனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ரௌட்டர் அணைந்துவிடும். அந்த நேரத்தில் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவது எப்படி என்று முன்பே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

5. எழுதும்போதும் அனுப்பும்போதும்

காகிதத்தில் எழுதிப் படம் எடுப்பதென்றால் கறுப்பு மை பேனா நல்லது. பென்சில் எழுத்து படத்தில் மங்கிவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், கேள்வி எண், பக்க எண் போடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார்ந்தால் ஹேண்ட்போனின் நிழல் தாளில் விழாது.

கொடுத்த நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை எழுதுவதற்கான நேரமாக எண்ணவே வேண்டாம். அது அனுப்புவதற்கு. கடைசி நிமிடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துவார்கள், தளம் திணறும். இன்னும் ஒரு வரி எழுதினால் கிடைக்கும் ஒரு மதிப்பெண்ணுக்காக மொத்தத் தாளையும் பணயம் வைக்கக் கூடாது.

ஏதாவது தடைபட்டால் மூன்றே வேலை. முதலில், திரையில் வரும் செய்தியை நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரண்டாவது, உடனே ஆசிரியருக்கோ தேர்வு நடத்துபவருக்கோ இரண்டு வரியில் தெரிவியுங்கள்: "ஆசிரியர், 10.42-க்குப் பதிவேற்றம் நின்றுவிட்டது. விடைத்தாளின் படங்களை இத்துடன் அனுப்புகிறேன்." மூன்றாவது, மாற்று லைனில் மறுபடி முயலுங்கள். இந்த வரிசை முக்கியம். அரை மணி நேரம் தனியாகப் போராடிவிட்டுப் பிறகு சொன்னால், நம்ப நினைக்கும் ஆசிரியருக்கும் கஷ்டமாகிவிடும். யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த எண் என்பதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்.

6. கண்காணிப்பாளர் இல்லாத அறை

இதையும் பேசாமல் விட முடியாது. வீட்டில் தேர்வு என்றவுடன் சில வகுப்புகளில் தனி வாட்ஸ்அப் குழு ஒன்று முளைக்கும். ஒருவர் விடை போடுவார், இருபது பேர் பார்த்து எழுதுவார்கள். "எல்லாரும்தானே செய்றாங்க?"

இரண்டு விஷயம் யோசிச்சுப் பாருங்க. ஒன்று, பள்ளிச் சோதனை எதற்கு? யாருக்கு எது புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிவதற்கு. பின்வரிசையில் வாயே திறக்காத ஒரு மாணவி, கூடுதல் கணிதத்தில் சார்புகள் புரியாமல் தவிக்கிறாள். அவளும் குழுவில் வந்த விடையை எழுதி 80 வாங்கிவிட்டால், அவளுக்கு உதவி தேவை என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? அவளுடைய உண்மையான 35 மதிப்பெண்தான் அவளுக்காகப் பேசியிருக்கும். பார்த்து எழுதியதால் அந்தக் குரலும் அடங்கிப் போகிறது.

இரண்டு, கடன் ஒருநாள் திரும்பி வரும். பொறியியல் முதலாண்டில் நுண்கணிதம் தொடங்கும்போது, கூடுதல் கணிதம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் விரிவுரையாளர் நடத்துவார். அங்கே வாட்ஸ்அப் குழு மூளைக்குள் வந்து உட்காராது.

மனசாட்சி உள்ளே இருந்து பார்க்கும் சாட்சி என்று சின்ன வயதிலிருந்தே சமய வகுப்பில் கேட்டிருக்கிறோம். ஆள் யாரும் இல்லாத அறையில் தேர்வு எழுதும்போதுதான் அந்தப் பாடத்துக்கு உண்மையான சோதனை.

புத்தகம் பார்த்து எழுதலாம் என்று அனுமதி கொடுத்த தேர்வு வேறு. அதில் பார்ப்பது தவறில்லை. ஆனால் அதை லேசாக நினைக்க வேண்டாம். அங்கே 'என்ன' என்று கேட்க மாட்டார்கள், 'ஏன்', 'எப்படி' என்றுதான் கேட்பார்கள். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே பக்கத்தில் சூத்திரம், முக்கியக் கருத்து, புத்தகப் பக்க எண் என்று குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதும்போதே பாதி படித்து முடித்திருப்பீர்கள்.

7. ஒரு சனிக்கிழமை போதும்

இத்தனையையும் படித்துவிட்டு மறந்துவிடாமல் இருக்க ஒரே வழி ஒத்திகை. மேடை நாடகத்துக்கும் திருமுறைப் போட்டிக்கும் ஒத்திகை பார்க்கிறோம். தேர்வுக்கும் பார்ப்போம்.

கிளையில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன், அக்கா இரண்டு பேர் இருந்தால் போதும். ஒரு சனிக்கிழமை காலை, 45 நிமிடத்துக்கு ஒரு சின்னத் தாள் தயார் செய்யுங்கள். கடினமான கேள்வி வேண்டாம். பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து, உண்மையான தேர்வுக்குப் பயன்படுத்தப் போகும் அதே கருவியில், அதே மூலையில், அதே நேரத்தில் எழுதட்டும். நடுவில் வேண்டுமென்றே வைஃபையை அணைத்துவிட்டு, ஹாட்ஸ்பாட்டுக்கு மாறச் சொல்லுங்கள். படம் எடுத்து, பி.டி.எஃப். ஆக்கி, குறித்த நேரத்துக்குள் அனுப்பச் சொல்லுங்கள்.

பிறகு மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். யாருடைய கோப்பு வரவில்லை, ஏன் வரவில்லை என்று மட்டும் பாருங்கள். யாருக்குக் கருவியே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பெயரை எல்லார் முன்னாலும் வாசிக்காமல், அமைதியாக ஒரு பழைய ஹேண்ட்போனுக்கோ மடிக்கணினிக்கோ ஏற்பாடு செய்வது கிளையின் கடமை. நம்மில் பலர் வீட்டு அலமாரியில் வேலை செய்யும் பழைய ஹேண்ட்போன் ஒன்று சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறது.

கிளைக் கூட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் நாளைக் காலை 9 மணிக்குத் தேர்வு என்றால், தடையாக வரக்கூடிய மூன்று விஷயங்கள் என்ன?

2. உங்கள் வீட்டு லைனின் பதிவேற்ற வேகம் என்ன? இன்றே சோதித்துப் பார்த்து, பத்துப் பக்கம் அனுப்ப எத்தனை நொடி ஆகும் என்று கணக்கிடுங்கள்.

3. நண்பர் ஒருவர் தேர்வு நடுவில் விடை கேட்டு வாட்ஸ்அப் அனுப்புகிறார். நட்பும் கெடாமல் எப்படிப் பதில் சொல்வீர்கள்?

4. நம் கிளையில் கருவி இல்லாத மாணவர் எத்தனை பேர்? யார், எந்தத் தேதிக்குள் ஏற்பாடு செய்வது?

நான்காவது கேள்விக்குப் பெயரும் தேதியும் எழுதிய பிறகு கூட்டத்தை முடியுங்கள்.